மூன்று பள்ளிப் பிள்ளைகள் ஆடிய ஆட்டம்

1971 டிசம்பர் 4. வர்ஜீனியா மாநிலத்தின் மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் ரோனோக் நகரின் விக்டரி ஸ்டேடியம். மாநில உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் இறுதியாட்டத்தில் அலெக்சாண்ட்ரியாவின் டி.சி. வில்லியம்ஸ் பள்ளியும் சேலம் ஊரின் ஆண்ட்ரூ லூயிஸ் பள்ளியும் மோதின. டி.சி. வில்லியம்ஸ் 27, ஆண்ட்ரூ லூயிஸ் 0.

அந்த நாளின் பெருமை இந்த 27-இல் இல்லை. அமெரிக்க ஃபுட்பாலில் பந்து கைக்கு வந்த அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அதற்குள் பத்து கெஜமாவது முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும், இல்லாவிட்டால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் பந்து எவ்வளவு தூரம் முன்னே போனது, எவ்வளவு பின்னே தள்ளப்பட்டது என்று எழுதி வைப்பார்கள். தோற்கிற அணிகூட ஓர் ஆட்டத்தில் நூறு கெஜமாவது சேர்த்துவிடும். அன்று ஆண்ட்ரூ லூயிஸ் பள்ளியின் கணக்கு முடிவில் கழித்தல் ஐந்து. ஆட்டம் முழுக்க முட்டி மோதியும் அவர்கள் தொடங்கிய இடத்துக்குப் பின்னால்தான் நின்றார்கள். ஜெர்ரி பெர்டியர், ஜூலியஸ் கேம்பெல் போன்ற பையன்கள் நின்ற தடுப்பு வரிசை செய்த வேலை அது. பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். நான்கு மாதங்களுக்கு முன்புவரை அவர்களில் பலர் ஒருவரையொருவர் எதிரணிச் சட்டையில் மட்டுமே பார்த்திருந்தார்கள்.

'ரிமெம்பர் த டைட்டன்ஸ்' என்ற படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். டென்சல் வாஷிங்டன் நடித்து 2000-இல் வந்த படம். வடக்கு வர்ஜீனியாவில் வளரும் நம் பிள்ளைகள் அதைப் பள்ளியிலேயே பார்த்துவிட்டு வருகிறார்கள். நல்ல படம், நானும் விரும்பிப் பார்த்ததுதான். ஆனால் முகாம் ஒன்று நடந்தது, பாட்டுப் பாடினார்கள், பகை கரைந்தது, கோப்பை வந்தது என்று நினைக்கும்படி அது கதையைச் சொல்லிவிட்டது. இந்த மலருக்கு நம் வட்டாரப் பள்ளி ஒன்றின் வரலாற்றை எழுதக் கேட்டபோது இந்தப் பள்ளியை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அந்த அணி உருவாவதற்காகப் பலர் பலவற்றை இழந்தார்கள். கோப்பையைப் பேசுகிறவர்கள் அந்த இழப்பையும் பேச வேண்டும்.

பொட்டோமாக் ஆற்றுக்கு இக்கரையில் அலெக்சாண்ட்ரியா, அக்கரையில் தலைநகர் வாஷிங்டன். இந்த ஊரின் டியூக் தெருவில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாட்டிலேயே பெரிய அடிமை வணிக நிறுவனங்களில் ஒன்று இயங்கியது. உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைத்தலைவராக இருந்த ராபர்ட் லீ சிறுவனாக வளர்ந்ததும் இங்கேதான். தென்படையில் சேர்ந்து மாண்டவர்களின் நினைவாக 1889-இல் நிறுத்திய வெண்கலச் சிப்பாய் சிலை 2020 வரை ஊரின் நடுச்சாலையில் தெற்கு நோக்கி நின்றுகொண்டிருந்தது.

கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று பார்க்கர்-கிரே என்ற பள்ளி 1920-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் இருந்த இரண்டு சிறு பள்ளிகளின் தலைமையாசிரியர்களான ஜான் பார்க்கர், சாரா கிரே ஆகியோரின் பெயரை இணைத்து வைத்தார்கள். தொடக்கத்தில் அங்கே உயர்நிலை வகுப்புகள் இல்லை. மேலே படிக்க விரும்பிய பிள்ளை ஆற்றைக் கடந்து வாஷிங்டனுக்குப் போக வேண்டியிருந்தது. உயர்நிலை வகுப்புகள் வந்தது 1930-களில். வெள்ளையர் பள்ளிகள் பயன்படுத்தித் தீர்த்த புத்தகங்களும் தளவாடங்களும் வந்து சேரும் பள்ளியாக இருந்தும், ஊரின் கறுப்பினக் குடும்பங்கள் அதைத் தங்கள் வீட்டுச் சொத்தைப்போல் பேணின. 1950-இல் என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டத்தில் களமிறங்கிய முதல் கறுப்பின வீரர் ஏர்ல் லாய்ட் இந்தப் பார்க்கர்-கிரேயில் படித்தவர்தான். ஊரின் புறத்தே தனித் தெரு, தனிக் கிணறு, தனிப் பள்ளி என்று வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மிடையே உண்டு. இதன் பொருளை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நிறத்தால் பிரித்த பள்ளிகள் சட்டவிரோதம் என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வர்ஜீனியா அதை ஏற்க மறுத்தது. பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதைவிடப் பள்ளிகளையே மூடுவது மேல் என்று 1959 முதல் ஐந்தாண்டு மூடி வைத்தார்கள். அலெக்சாண்ட்ரியாவில் பள்ளிக் கண்காணிப்பாளராக ஏறக்குறைய முப்பதாண்டு இருந்தவர் தாமஸ் சேம்பிளிஸ் வில்லியம்ஸ். பிரிவினையைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர். 1959 பிப்ரவரியில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிகளுக்குள் நுழைந்ததுகூட நீதிமன்ற உத்தரவின் பேரில்தான். 1965-இல் புதிதாகத் திறந்த உயர்நிலைப் பள்ளிக்கு அந்த வில்லியம்ஸின் பெயரையே சூட்டினார்கள். அதே ஆண்டு பார்க்கர்-கிரே உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டது.

இணைப்பு என்ற பெயரில் தென்மாநிலங்கள் எங்கும் இதே முறைதான் நடந்தது. மூடப்பட்டது கறுப்பினப் பள்ளி. இடம்பெயர்ந்தது கறுப்பினப் பிள்ளை. வேலை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள், பயிற்சியாளர்கள்.

டி.சி. வில்லியம்ஸ் பள்ளியில் 1971-இல்தான் முதன்முதலாக இரு நிறப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்தார்கள் என்று படம் பார்த்தவர்கள் நினைப்பார்கள். அது சரியல்ல. திறந்த நாள் முதல் அங்கே இரு தரப்பும் படித்தார்கள். ஆனால் ஊரில் மூன்று உயர்நிலைப் பள்ளிகள் இருந்தன: ஜார்ஜ் வாஷிங்டன், பிரான்சிஸ் ஹாமண்ட், டி.சி. வில்லியம்ஸ். குடியிருப்புகள் நிறவாரியாகப் பிரிந்து கிடந்ததால் பள்ளிகளும் அப்படியே இருந்தன. ஹாமண்டில் ஏறக்குறைய எல்லாருமே வெள்ளையர். 1970-இல் ஒரு கடையில் கறுப்பின இளைஞர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டு, ஊர் பல நாள் கொந்தளித்தது. அடுத்த ஆண்டு நகரம் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளி நிலையை ஆறு, இரண்டு, இரண்டு, இரண்டு என்று வகுப்புகளாகப் பிரித்து, ஊரின் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் டி.சி. வில்லியம்ஸுக்கு அனுப்புவது, ஒன்பது, பத்தாம் வகுப்புகளை மற்ற இரண்டு பள்ளிகளில் வைப்பது.

ஃபுட்பால் ஆடும் பையனுக்கு இது எப்படிப்பட்ட இடி என்பதை நினைத்துப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து உழைத்து, கடைசி ஆண்டில் தன் பள்ளியின் முதல் வரிசையில் ஆடப்போகிறோம் என்று காத்திருப்பான். அந்தப் பள்ளிக்கு இனி முதல் அணியே கிடையாது. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகள் மூன்று பேர் இருந்த ஊரில் இனி ஒரே ஒருவன்தான் ஆடுவான். அந்த அணி ஏன் அவ்வளவு வலுவாக இருந்தது என்ற கேள்விக்குப் பாதி விடை இதில் இருக்கிறது: ஒரு நகரத்தின் மூன்று அணிகளில் சிறந்தவர்கள் ஒரே சட்டையை அணிந்தார்கள். இடம் கிடைக்காமல் வெளியே நின்ற பிள்ளைகளின் பெயர் எந்தக் கோப்பையிலும் இல்லை.

பயிற்சியாளர் பதவிக்கும் அதே நெருக்கடி வந்தது. ஹாமண்டின் தலைமைப் பயிற்சியாளர் பில் யோஸ்ட், அலபாமாவில் 1924-இல் பிறந்தவர். ஊரில் அவருக்கு நல்ல மதிப்பு இருந்தது. புதிய அணி அவர் கைக்குத்தான் வரும் என்று எதிர்பார்த்தவர்கள் பலர். வந்தது கறுப்பினத்தவரான ஹெர்மன் பூன் கைக்கு. வட கரோலினாவின் ராக்கி மவுண்டில் 1935-இல் பிறந்த பூன், 1969 முதல் டி.சி. வில்லியம்ஸில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர்.

பூன் அலெக்சாண்ட்ரியாவுக்கு வந்த காரணத்தைப் படம் ஆழமாகத் தொடவில்லை. வட கரோலினாவின் வில்லியம்ஸ்டன் ஊரில் ஈ.ஜே. ஹேய்ஸ் என்ற கறுப்பினப் பள்ளியின் அணியை அவர் ஒன்பது ஆண்டு நடத்தினார். தோல்வி என்றால் விரல்விட்டு எண்ணிவிடலாம், வெற்றி தொண்ணூற்றுக்கு மேல். அங்கேயும் பள்ளிகள் இணைந்தன. கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளரை ஏற்க ஊர் இன்னும் தயாராகவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். அவ்வளவு வெற்றிகளுக்குச் சொந்தக்காரர் வேறு ஊருக்கு வந்து உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். ஆக 1971 கோடையில் ஒரே அறையில் உட்கார்ந்த இருவரையும் பள்ளி இணைப்பு பதம் பார்த்திருந்தது. ஒருவர் தன் நிறத்தால் வேலை இழந்து வந்தவர். மற்றவர் இன்னொருவரின் நிறத்தை முன்னிட்டுத் தன் இடத்தை இழந்ததாக ஊர் சொன்னதைக் கேட்டவர். யோஸ்ட் வேறு பள்ளிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பூனுக்குக் கீழே தடுப்பு வரிசையின் பயிற்சியாளராக இருக்கச் சம்மதித்தார். அந்த ஆண்டின் பெரிய செயல் எது என்று கேட்டால் எந்த ஆட்டத்தையும் சொல்ல மாட்டேன், இந்தச் சம்மதத்தைத்தான் சொல்வேன். ரோனோக்கில் கழித்தல் ஐந்து என்று கணக்கெழுத வைத்தது அவர் பழக்கிய வரிசை.

பூனுக்கும் இலகுவாக எதுவும் நடக்கவில்லை. அவர் வீட்டுச் சன்னல் வழியே யாரோ செங்கல் எறிவதாகப் படத்தில் ஒரு காட்சி வரும். எறியப்பட்டது செங்கல்லல்ல, அசிங்கம் நிறைந்த பழைய கழிப்பறைப் பீங்கான் என்று அவரே பின்னாளில் சொன்னார். தோற்றால் வேலை போய்விடும், இன்னொரு கறுப்பினத்தவருக்கு அந்த வாய்ப்பு நெடுநாள் வராது என்ற நினைப்போடுதான் அவர் களத்துக்கு வந்தார். கண்டிப்பானவர், சில வேளை கடுமையானவர். பையன்களுக்கு அவரைப் பிடித்திருந்தது என்று எல்லாரும் சொல்ல மாட்டார்கள். அவரை நம்பினார்கள் என்று சொல்வார்கள்.

ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் கல்லூரிக்கு அணியைப் பயிற்சி முகாமுக்கு அழைத்துப் போனார்கள். பேருந்தில் ஏறும்போது பிள்ளைகள் நிறவாரியாகவே உட்கார்ந்தார்கள். தாக்கும் வரிசை ஒரு பேருந்து, தடுக்கும் வரிசை இன்னொரு பேருந்து என்று இறக்கி ஏற்றினார்கள். இது எளிய ஏற்பாடு. ஆனால் இதைவிடப் பொருத்தமான ஒன்றை என்னால் யோசிக்க முடியவில்லை. கறுப்பு, வெள்ளை என்ற இரண்டு கூட்டத்துக்குப் பதில் ஆட்டத்துக்குத் தேவையான இரண்டு கூட்டம். ஒருவன் தோளை நம்பித்தான் பக்கத்தவன் பாயமுடியும் என்ற வரிசை அது.

1863 சூலையில் உள்நாட்டுப் போரின் பெரும் சண்டை நடந்து, ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் செத்தோ காயமுற்றோ விழுந்த இடம் கெட்டிஸ்பர்க். விடியலுக்கு முன்னே ஓட்டமாய் ஓடி, கல்லறைகளின் நடுவே பயிற்சியாளர் உருக்கமாகப் பேசும் காட்சி திரையில் அழகாக இருக்கும். அப்படியொரு ஓட்டம் நடக்கவில்லை. போர்க்களத்தைச் சுற்றிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். நடந்தது அதைவிடச் சாதாரணமானது: வெயில், ஒரு நாளைக்குப் பலமுறை பயிற்சி, ஒரே சாப்பாட்டுக் கூடம், ஒரே தூக்கக் களைப்பு. நாள் முழுக்க மோதி விழுந்தவர்களுக்கு இரவில் சண்டை போடத் தெம்பு மிச்சமில்லை. பழக்கம் அப்படித்தான் வந்தது.

பழைய ஹாமண்ட் பிள்ளையான பெர்டியரும் கறுப்பினப் பிள்ளையான கேம்பெல்லும் முகாமில் முதலில் முட்டிக்கொண்டார்கள், திரும்பியபோது நண்பர்கள். பெர்டியர் முன்வரிசைக்குப் பின்னே நின்று தடுக்கும் லைன்பேக்கர், கேம்பெல் தடுப்பு வரிசையின் முனையில் நின்றவர். இருவரும் சேர்ந்து பாய்ந்தால் எதிரணியின் பந்து ஓட்டக்காரனுக்குப் போக்கிடமில்லை. குவார்ட்டர்பேக்காக ரானி பாஸ் வந்து சேர்ந்தார்; பின்னாளில் அவர் தென் கரோலினா பல்கலைக்கழகத்துக்காகவும் ஆடினார்.

அந்தப் பருவத்தில் பதின்மூன்று ஆட்டம், பதின்மூன்றும் வெற்றி. பெரும்பாலானவற்றில் எதிரணிக்கு ஒரு புள்ளிகூட இல்லை. படத்தில் இறுதியாட்டமாகக் காட்டும் மார்ஷல் பள்ளியுடனான மோதல் உண்மையில் பருவத்தின் நடுவில் நடந்தது. அதுதான் அவர்களைத் திணறடித்த ஒரே ஆட்டம். கடைசி நிமிடத்தில், நான்காம் வாய்ப்பில், பின்தங்கியிருந்து வென்றார்கள். ஊரின் மனநிலை ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது என்கிறார்கள். தெருவில் பேசிக்கொள்ளாதவர்கள் பார்வையாளர் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. பிள்ளை கோட்டைத் தாண்டும்போது பக்கத்திலிருப்பவரைக் கட்டிப்பிடிக்காமல் இருக்க முடியாது. ஊர் திருந்திவிட்டது என்று சொல்வதற்கில்லை. அமைதியாக இருக்க ஒரு காரணம் கிடைத்தது.

கோப்பை வென்ற ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 11 இரவு, அணிக்கான பாராட்டு விருந்து முடிந்து பெர்டியர் ஓட்டிச்சென்ற கார் விபத்துக்குள்ளானது. இடுப்புக்குக் கீழே அவர் உடல் செயலிழந்துபோனது. (இறுதியாட்டத்துக்கு முன்பே விபத்து என்று படம் மாற்றிவிட்டது. அவர் ரோனோக்கில் முழு ஆட்டம் ஆடினார். அந்தக் கழித்தல் ஐந்தில் அவர் பங்கை யாரும் எடுத்துவிடக் கூடாது.) அதற்குப் பின் அவர் வாழ்ந்த ஒன்பது ஆண்டுகளைப் பற்றிப் படம் அதிகம் சொல்லவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடி குண்டெறிதலிலும் வட்டெறிதலிலும் இறங்கிப் பதக்கங்கள் வென்றார். உடல் ஊனமுற்றோர் உரிமைக்காகப் பேசினார். கட்டடங்களில் சாய்தளம் என்பதே அரிதாக இருந்த காலம் அது. 1981 மார்ச் 20 அன்று, குடித்துவிட்டு ஒருவர் ஓட்டிவந்த கார் மோதி இறந்தார். வயது இருபத்தேழு. கேம்பெல்லின் நட்பு மருத்துவமனைக் கட்டிலிலிருந்து அந்த நாள் வரை கூடவே இருந்தது. பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பெர்டியர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பூன் 1979 வரை அணியை நடத்தினார். அவருடைய கண்டிப்பைப் பற்றிய குறைகள் பெருகி அவர் விலகவேண்டி வந்தது. யோஸ்ட் அதன் பின்னும் தொடர்ந்தார். டி.சி. வில்லியம்ஸ் 1984-இலும் 1987-இலும் மீண்டும் மாநிலக் கோப்பை வென்றது. அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் படம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்காக இந்த ஒரு வரியையாவது எழுதி வைக்கிறேன்.

1990-களில் அலெக்சாண்ட்ரியாவுக்குக் குடிவந்த கிரெகரி ஆலன் ஹோவர்ட் என்ற திரைக்கதை ஆசிரியர், முடிதிருத்தும் கடையில் ஊர்க்காரர்கள் பழைய அணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டார். கதை அங்கே பிறந்தது. படப்பிடிப்பு மட்டும் இங்கே நடக்கவில்லை, ஜார்ஜியாவில் நடந்தது. படம் அமெரிக்காவில் மட்டும் 11 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அதன் பிறகு பூனும் யோஸ்ட்டும் பல மேடைகளில் பேசினார்கள். பழைய வீரர்கள் ஓர் அறக்கட்டளை வைத்து, பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்குக் கல்லூரிப் படிப்புக்கு உதவுகிறார்கள். 2019 அந்த அணிக்குக் கொடிய ஆண்டு: சனவரியில் கேம்பெல், மே மாதத்தில் தொண்ணூற்று நான்கு வயதில் யோஸ்ட், கோடையில் அணியின் இன்னொரு வீரர் பீட்டி ஜோன்ஸ், டிசம்பரில் எண்பத்து நான்கு வயதில் பூன் என நால்வர் மறைந்தார்கள்.

பள்ளியின் மைதானத்துக்குப் பார்க்கர்-கிரே நினைவு ஸ்டேடியம் என்று பெயர். மூடப்பட்ட பள்ளி அந்தப் பெயரில்தான் இன்றைக்கும் பிழைத்திருக்கிறது. இரவு விளக்கொளியில் ஆடுவதுதான் அமெரிக்கப் பள்ளி ஃபுட்பாலின் அடையாளம். இந்த மைதானத்திலோ பல பத்தாண்டுகள் விளக்குகளே கிடையாது, சனிக்கிழமைப் பகலில்தான் ஆட்டம். பள்ளியைக் கட்டியபோது அந்த நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட கறுப்பினக் குடும்பங்களுக்குப் பக்கத்திலேயே வீடு கொடுத்தபோது, மைதானத்தில் விளக்கு வைக்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்ததாக அக்கம்பக்கத்தார் சொல்லி வந்தார்கள். 2018-இல் நகர மன்றம் விளக்குகளுக்கு அனுமதி கொடுத்தபோது அவர்கள் எதிர்த்து வாதாடினார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. மாலையில் பெற்றோர் வந்து பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டதும் நியாயம். ஒருமுறை வீட்டை இழந்தவர்கள், தங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றச் சொன்னதும் நியாயம். விளக்குகள் வந்துவிட்டன. இந்த வாதத்தைக் கூட்டங்களில் பேசித்தான் தீர்த்தார்கள். அதற்கு ஐம்பது ஆண்டுக்கு முன்பு, நிலத்தை எடுத்தபோது, அந்தக் குடும்பங்களிடம் யாரும் கேட்டதில்லை.

2020 நவம்பரில் வில்லியம்ஸின் பெயரை நீக்கப் பள்ளி வாரியம் ஒருமனதாக முடிவெடுத்தது. 2021 சூலை 1 முதல் அது அலெக்சாண்ட்ரியா நகர உயர்நிலைப் பள்ளி. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள். நம் பிள்ளைகளும் அந்த வட்டாரப் பள்ளிகளில் படிக்கிறார்கள், அந்தச் சட்டையை அணிந்து ஆடுகிறார்கள். அணியின் பெயர் மட்டும் மாறவில்லை: டைட்டன்ஸ்.